சனி ஞாயிறு செய்யுள் வகுப்பு: மகளை ஆறு மாதம் அனுப்பிப் பார்த்தபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வகுப்பின் பெயரையும் டீச்சரின் பெயரையும் இங்கே போடப் போவதில்லை. "இருக்கிற 18 பிள்ளைகளுக்கே பாய் போதவில்லை, நீ வேற எழுதிக் கூட்டம் சேர்க்காதே" என்று டீச்சரே சொல்லிவிட்டார். தவிர நான் குறையும் சொல்லப் போகிறேன், பெயரைப் போட்டுக்கொண்டு குறை சொன்னால் அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு மாடிப்படி ஏறுவது? அம்பத்தூர் பக்கம், அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா தன் வீட்டு மொட்டைமாடியில் நடத்துகிற வகுப்பு என்பது போதும்.

என் மகள் நாலாவது படிக்கிறாள், சிபிஎஸ்இ பள்ளி. தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறாள், ஆனால் கடைப் பலகையை வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். அதற்காக முதலில் ஒரு செயலி வாங்கினோம் (அதற்கும் பெயர் வேண்டாம்). வருடத்துக்கு 2,400 ரூபாய். பொம்மை வந்து குறள் சொல்லும், அப்புறம் ஒரு குரல் அதன் பொருளை ஆங்கிலத்தில் விளக்கும், கடைசியில் நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் நட்சத்திரம் விழும். இரண்டு மாதத்தில் நட்சத்திரம் முந்நூறு சேர்ந்தது, குறள் ஒன்றுகூடச் சேரவில்லை. நிறுத்தச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாடி வகுப்பு அப்படி இல்லை. மாதம் 600 ரூபாய், சனி ஞாயிறு மாலை 5 மணிக்கு ஆரம்பித்து ஆறேகால் வரை. பாய், ஒரு கரும்பலகை, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட ஒரு புத்தகம், முடியும்போது டீச்சரின் கணவர் கொண்டுவரும் சுண்டல். அவ்வளவுதான் ஏற்பாடு. மழை வந்தால் எல்லாரும் கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும், அன்றைக்குப் பாதி வகுப்பு இறங்குவதிலேயே போய்விடும்.

முதல் வாரம் ஆத்திசூடி. சரி, இதைத்தான் எல்கேஜியிலேயே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாளே, இதற்கா 600 ரூபாய் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு. ஆனால் டீச்சர் பொருளுக்கே போகவில்லை. "அறம் செய விரும்பு" தொடங்கி "ஔவியம் பேசேல்" வரை பன்னிரண்டு உயிரெழுத்து, "அஃகஞ் சுருக்கேல்" என்று ஆய்தம், அப்புறம் "கண்டொன்று சொல்லேல்", "ஙப் போல் வளை", "சனி நீராடு" என்று உயிர்மெய் வரிசை. பிள்ளைகளிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. க, ங, ச, ஞ வரைக்கும் அந்தந்த எழுத்திலேயே தொடங்கிய அவ்வை, ட வந்ததும் ஏன் "இடம்பட வீடு எடேல்" என்கிறார்? ண வரும்போது ஏன் "இணக்கம் அறிந்து இணங்கு"? ர வரும்போது ஏன் "அரவம் ஆட்டேல்", ல வரும்போது ஏன் "இலவம் பஞ்சில் துயில்"?

பிள்ளைகள் ட-வில் தொடங்கும் சொல் தேடினார்கள். டப்பா, டம்ளர், டவுசர், டீ. ஒன்றுகூடத் தமிழ் இல்லை என்று அவர்களே சிரிக்க ஆரம்பித்தார்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நிற்காத எழுத்துகள், அதனால்தான் முன்னால் ஒரு அ அல்லது இ போட்டு அதன் தோளில் ஏற்றி அனுப்புகிறார் அவ்வை. நான் பன்னிரண்டு வருடம் தமிழ் படித்தவள், ஆத்திசூடியையும் மனப்பாடமாகச் சொல்வேன், இந்த ஏற்பாட்டை நாற்பது வயதில் மாடிப்படியில் உட்கார்ந்துதான் கவனித்தேன். அடுத்த வாரம் அதற்கு எதிர்ப்பக்கமும் காட்டினார். பாரதி தன் புதிய ஆத்திசூடியில் இந்தத் தோளெல்லாம் வேண்டாம் என்று "ராஜஸம் பயில்", "லவம் பல வெள்ளமாம்" என நேராகவே தொடங்கிவிடுகிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் லட்டு இலட்டு, ரயில் இரயில், ரப்பர் இரப்பர்.

இன்னொரு விஷயமும் தொற்றிக்கொண்டது, அந்த 'ஏல்'. விலக்கேல் என்றால் விலக்காதே, கைவிடேல் என்றால் கைவிடாதே, அப்படியானால் தொடாதே என்பதற்கு என்ன என்று டீச்சர் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், தம்பி பென்சில் டப்பாவைத் திறந்தால் "தொடேல்!", அப்பா சாப்பிடும்போது போனை எடுத்தால் "கைபேசி பாரேல்!". எதிர்மறை ஏவல் என்று இலக்கணப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இருப்பதை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். மொழி இப்படித்தான் ஏறும்போல, வாய்க்கு ஒரு பொம்மை கிடைத்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு குறள் வகுப்பு. முதலில் கைதட்டல்: முதல் அடிக்கு நாலு தட்டு, இரண்டாம் அடிக்கு மூன்று.

இனிய உளவாக இன்னாத கூறல்
கனியிருப்பக் காய்கவர்ந் தற்று

தட்டிக்கொண்டே சொல்லும்போது எங்கே சீர் பிரிகிறது என்று சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை, கை தானாகப் பிரித்துவிடுகிறது. நட்ட நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு தப்பான இடத்தில் உடைக்கிற பழக்கம், அதாவது பாடப் புத்தகத்தை வாசிக்கும்போது என் மகளிடம் இருந்த பெரிய கோளாறு, மூன்றாவது மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கைதட்டல் முடிந்ததும் டீச்சர் ஒரு தட்டில் பழுத்த பூவன் பழமும் இன்னொரு தட்டில் பச்சை வாழைக்காயும் வைத்து, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டார். வீராப்புக்கு ஒரு பையன் வாழைக்காயைக் கடித்தான். கடித்துவிட்டு அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எப்படிடா இருக்கு?" என்றால் அவனுக்குச் சொல் வரவில்லை, "டேஸ்ட் ஒரு மாதிரி, நாக்கு ஒட்டுது" என்கிறான். அதற்குப் பெயர் துவர்ப்பு என்று பலகையில் எழுதினார். "பழம் பக்கத்திலேயே இருக்கும்போது இதைக் கடிக்கிற மாதிரிதான், நல்ல வார்த்தை கைவசம் இருக்கும்போது நீ காலையில் உன் தங்கச்சியைத் திட்டியது" என்று ஒரு வரி. அதற்குமேல் அறிவுரை இல்லை. அந்தப் பையனுக்கு அந்தக் குறள் ஆயுசுக்கும் மறக்காது. இன்றைக்கும் என் மகள் சண்டையில் எல்லை மீறினால் தம்பி "வாழைக்காய், வாழைக்காய்" என்று கத்துகிறான், அவன் வகுப்பில் சேரக்கூட இல்லை, சுண்டலுக்காக வருகிறவன்.

மூதுரையும் அப்படித்தான். மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது, கை நீட்டினால் மட்டையைத் தொடலாம். "நின்று தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத் தலையாலே தான்தருத லால்" என்பதை அந்த மரத்தைக் காட்டிச் சொல்லும்போது தாள் எது, தலை எது என்று அகராதி வேண்டியதில்லை. தெங்கோடு காய் சேர்ந்துதான் தேங்காய் என்பதும் அங்கேயே முடிந்தது. செய்த உதவி என்றைக்குத் திரும்பி வரும் என்று கணக்குப் பார்க்காதே என்பதுதானே பாட்டு, ஆனால் ஒரு குட்டி கேட்டது, "தென்னை திருப்பித் தராட்டி தண்ணி ஊத்த மாட்டோமா டீச்சர்?" டீச்சர் கொஞ்ச நேரம் பதிலே சொல்லவில்லை. அப்புறம், "நல்ல கேள்வி, உங்க வீட்டு வேப்பமரத்துக்கு ஊத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

இந்த இடத்தில்தான் இந்த வகுப்புக்கும் பள்ளியில் நடக்கும் நன்னெறிப் பாடவேளைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. அங்கே செய்யுள் என்பது நீதிக்கு ஒட்டிய லேபிள், கீழே மூன்று வரியில் கருத்து, அதைப் படித்து எழுதினால் ஐந்து மதிப்பெண். இங்கே பிள்ளைகள் பாட்டோடு சண்டை போடலாம். அவ்வையும் பாரதியும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வந்த வாரம் உண்மையிலேயே சண்டைதான். அவ்வை "மீதூண் விரும்பேல்" என்கிறார், பாரதி "ஊண் மிக விரும்பு" என்கிறார். அவர் "போர்த்தொழில் புரியேல்", இவர் "போர்த்தொழில் பழகு". அவர் "தொன்மை மறவேல்", இவர் "தொன்மைக்கு அஞ்சேல்". எல்லாவற்றையும்விடப் பெரிய தகராறு "ஆறுவது சினம்" வெர்சஸ் "ரௌத்திரம் பழகு". கோபப்படலாமா கூடாதா, ஒரு முடிவுக்கு வாங்க என்று பிள்ளைகள் கத்த, டீச்சர் பலகையில் இரண்டு கட்டம் போட்டு, போன வாரம் உங்களுக்கு வந்த கோபத்தையெல்லாம் சொல்லுங்கள் என்றார். ஷார்ப்பனரைத் திருப்பித் தராதது, அம்மா கார்ட்டூனை நிறுத்தியது, கிரிக்கெட்டில் அவுட் இல்லாததற்கு அவுட் கொடுத்தது, தெருநாயை ஒரு அண்ணன் கல்லால் அடித்தது, கறுப்பு என்று சொல்லி ஒரு பிள்ளையை டான்ஸில் பின்வரிசையில் நிறுத்தியது. எது அவ்வை கட்டம், எது பாரதி கட்டம் என்று பிரிப்பதற்கே ஒரு வகுப்பு முழுக்கப் போனது. கார்ட்டூன் எந்தக் கட்டத்தில் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடியாத வழக்கு.

"தையல் சொல் கேளேல்" வந்தபோது என் மகளுக்கு ரொம்ப சந்தோஷம். எங்கள் டெய்லர் பொங்கலுக்குத் தர வேண்டிய பாவாடையைச் சிவராத்திரிக்குத் தந்தவர், ஆக தையற்காரர் பேச்சைக் கேட்காதே என்று அவ்வை அன்றைக்கே எச்சரித்துவிட்டார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தையல் என்றால் பெண் என்று டீச்சர் சொன்னதும் மாடியில் ஒரே அமளி, முக்கியமாகப் பெண் பிள்ளைகள். பாடினவரே ஒரு பாட்டி, அவர் சொல்லை நாம் கேட்கிறோமே, அது எப்படி? டீச்சர் அதற்குப் பூச்சு வேலை எதுவும் செய்யவில்லை. இந்த வரி அந்தக் காலத்தோடு போகட்டும், பாரதி இதை எப்படித் திருப்பிப் போட்டார் பாருங்கள் என்று "தையலை உயர்வு செய்" என்பதை எழுதினார். பழைய நூலில் ஒரு வரி நமக்கு ஒவ்வாது என்று பிள்ளைகள் முன்னால் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். பலர் அந்த வரியைப் புத்தகத்திலிருந்தே சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள்.

நல்வழியில் "சாதி இரண்டொழிய வேறில்லை" வந்ததற்கும் அதே நேர்மை. "இட்டார் பெரியோர் இடாதார் இழிகுலத்தோர்" என்கிற வரியில் இழிகுலம் என்ற சொல்லே வேண்டாமே என்று ஒரு அப்பா கீழே இருந்தபடி சொன்னார், அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சொல்லை ஒளிக்கவில்லை டீச்சர், பிறப்பைப் பார்த்துச் சொன்ன சொல்லைப் பிடுங்கி, கொடுக்க மனசில்லாதவன் மேல் எறிகிறார் பாருங்கள் என்று விளக்கினார். எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேசாமல் தாண்டிப் போவதற்கு இது மேல்.

இனி குறைகள். பட்டியலே இருக்கிறது.

அந்த ஸ்பைரல் புத்தகம் கண்றாவி. நகலின் நகலை நகல் எடுத்திருக்கிறார்கள், ழ-வுக்கும் ம-வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "ஒப்புரவு ஒழுகு" என்பது "ஒப்புறவு" என்று அச்சாகியிருக்கிறது, என் மகள் அதையே நோட்டில் பத்து தடவை எழுதி வைத்திருக்கிறாள். தமிழ் சொல்லித்தரும் இடத்தில் இது மன்னிக்க முடியாத குற்றம். சொன்னேன், அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள், அடுத்த பதிப்பு என்பது அடுத்த நகல்தானே!

இரண்டாவது, எழுத்து. வாசிப்பு முன்னேறிவிட்டது, பேச்சில் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டன, புதுச் சொற்கள் எக்கச்சக்கம். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பழைய கதைதான். வகுப்பில் எழுத்து வேலை மிகக் குறைவு, பாட்டும் பேச்சும் முடியவே நேரம் சரியாக இருக்கிறது. பள்ளித் தேர்வில் மதிப்பெண் ஏற வேண்டும் என்று அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். என் மகள் "ஐயமிட்டு உண்" என்பதற்குப் பள்ளித் தேர்வில் பிச்சையிட்டுவிட்டு உண்ண வேண்டும் என்று சரியாகத்தான் எழுதினாள், 'பிச்சை' என்பதில் ச்-ஐ விட்டுவிட்டாள், அரை மதிப்பெண் போச்சு. ஆனால் முன்னே அவள் அந்த வரிக்குச் சொல்லிக்கொண்டிருந்த பொருள் "சந்தேகப்பட்டுச் சாப்பிடு". ஐயம் என்றால் சந்தேகம் என்றுதானே பள்ளியில் படித்திருக்கிறாள். கேன்டீன் சாப்பாட்டுக்கு அதுவும் பொருத்தம்தான்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையான வருத்தம். நான்காவது மாதம் டீச்சருக்குக் கண் அறுவை சிகிச்சை, மூன்று வாரம் அவருடைய உறவுக்காரத் தம்பி ஒருவர் வகுப்பு எடுத்தார். ஆர்வமான மனிதர்தான், ஆனால் பாட்டைச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் உபதேசம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள், போன், டிவி, பெற்றோரை மதிப்பதில்லை, நாங்களெல்லாம் அந்தக் காலத்தில்... 9 வயதுப் பிள்ளை என்ன செய்யும், தென்னை மட்டையை எண்ணிக்கொண்டிருக்கும். கூடவே அவர் ஒரு ஒப்புவித்தல் போட்டியும் வைத்துவிட்டார், அதிகம் குறள் சொல்கிறவருக்குக் கோப்பை. முற்றோதல் தப்பு என்று சொல்ல வரவில்லை, 1330 குறளையும் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு நம் அரசே பரிசு கொடுக்கிறது, அந்த உழைப்பு சாதாரணமில்லை. ஆனால் இங்கே நடந்தது வேறு. பெற்றோர் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு பிள்ளை "யாகாவா ராயினும் நாகாக்க" என்று தொடங்கி அடுத்தது வராமல் நின்றது, அதன் அம்மா கூட்டத்திலிருந்தே "காவாக்கால்! காவாக்கால்!" என்று அதட்ட, பிள்ளை அழுதுவிட்டது. நாக்கை அடக்கச் சொல்லும் குறளுக்கு இப்படி ஒரு விளக்கவுரை கிடைத்தது. டீச்சர் திரும்பி வந்ததும் கோப்பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்று கேள்வி.

பாட்டு பிள்ளைகளைத் திருத்திவிட்டதா என்று என் மாமியார் கேட்கிறார். இல்லை அத்தை. போன வாரம்கூடப் பொய் சொன்னாள், "பொய் சொல்லக் கூடாது பாப்பா" என்று பாடிக்கொண்டே பல் தேய்த்ததாகப் பொய் சொன்னாள். கணக்கு டியூஷனுக்குக் கிளம்பச் சொன்னால் "மாலை முழுதும் விளையாட்டுன்னு பாரதியார் சொல்லியிருக்கார்" என்று ஆதாரம் காட்டுகிறாள். அதற்கு முன்னாலேயே "காலை எழுந்தவுடன் படிப்பு" வருகிறது என்று நான் ஞாபகப்படுத்தினால், "காலையில ஸ்கூல் வேன் வந்துடுதே" என்கிறாள். ஆனால் ஒன்று, டான்ஸில் பின்வரிசையில் நின்ற அந்தப் பிள்ளையைப் பற்றி இவள் தன் வகுப்பு மிஸ்ஸிடம் போய்ப் பேசியிருக்கிறாள், எனக்கு அது வேறு ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பாட்டினால்தானா, அவள் குணமா, எனக்குச் சொல்லத் தெரியாது.

மதிப்பெண் போட வேண்டுமானால் ஐந்துக்கு நாலு, புத்தகத்தைத் திருத்தினால் நாலரை. ஆறாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சின்னதாகத் தெரியலாம். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பால் பொருட்பால் இரண்டையும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொன்ன பிறகு, மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே குறள் நிறைய வருகிறது. இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை படிக்கிறவர்களுக்கு இது சரியான இடம், ஆறாவதில் எது எப்படியோ.

உங்கள் பக்கம் இப்படி ஒரு வகுப்பு இருந்து விசாரிக்கப் போனால், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பாட்டு முடிந்ததும் பேசுவது யார் என்று கவனியுங்கள், பிள்ளைகளா, வாத்தியாரா. பிள்ளைகள் பேசினால் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து 700 ரூபாய் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிவிட்டேன். தம்பிக்கும் சேர்த்துக் கட்டவா என்று கேட்டதற்கு டீச்சர், "அவன் இப்படியே சுண்டலுக்கு வரட்டும், ஒரு வருஷம் போகட்டும்" என்றார். அவன்தான் வரும் வழியில் என்னிடம் கேட்டான், "ஈவது விலக்கேல்னா யாராவது குடுக்குறதைத் தடுக்காதேன்னு அர்த்தம், ஏற்பது இகழ்ச்சின்னா வாங்குறது அசிங்கம்னு அர்த்தம். வாங்குறது அசிங்கம்னா யாருக்குத்தாம்மா குடுக்குறது?" சிக்னல் விழுந்துவிட்டது, வண்டியைக் கிளப்பிவிட்டேன். சனிக்கிழமை டீச்சரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.